நகல் பில்

லாரி டிரைவர் மறந்துவிட்டுப் போனது
ஒரு துண்டும் ஒரு நகல் பில்லும்.
துண்டை ஆணியில் மாட்டினேன்.
பில் மன்னார்குடி தில்லைநாயகம் கடையுடையது.
அதே அஞ்சு எச்.பி. மோட்டார்,
அதே மாடல், அதே வாரம்.
எனக்குப் போட்டதைவிட
நாலாயிரத்து நூற்றிப்பத்து ரூபாய் கம்மி.

அதுவரை நான் நினைத்திருந்தது,
ஆள் நஷ்டத்துக்கு விற்கிறான்,
ஒருநாள் ஷட்டரை இறக்குவான் என்று.
திருத்துறைப்பூண்டியில் என்னிடம் விலை மட்டும் கேட்டுவிட்டு
பஸ் ஏறிப் போனவர்களுக்குக்
கணக்குத் தெரிந்திருக்கிறது.

"வித்தியாசம் இருந்தா மட்டும் போதாது சார்,
அதனால நீங்க அடிபட்டதைக் காட்டணும்.
போனவங்க பேர் சொல்லுங்க"
என்றார் வக்கீல் சுகிர்தா.

சொன்னேன்.
சித்தமல்லி பக்கிரிசாமி.
ஆதிரெங்கம் ஆரோக்கியராணி.
மூன்றாவது பேர் என் மச்சினன்.
வீட்டில் இரண்டு நாள் ரசம் மட்டும்.

கம்பெனியின் பதில் பதினாலு மாதம் கழித்து வந்தது,
நல்ல தடித்த காகிதத்தில்.
அவர் வருடத்துக்கு நூறு எடுக்கிறார், இவர் ஒன்பது.
இது அளவுக்கேற்ற தள்ளுபடி,
நூறு எடுத்தால் இவருக்கும் உண்டு.

விளைந்த வயலுக்குத்தான் தண்ணீர் விடுவேன்
என்று ஒரு வாய்க்கால் சொன்னால்
கடைமடைக்காரன் என்ன செய்வான்?
இதை மனுவில் எழுத முடியாது என்றார் சுகிர்தா.

விசாரணையில் அவர்கள் வக்கீல்
என் கடை நோட்டைத் திருப்பினார்.
"ரொக்கத்துக்கு ஒரு விலை, கடனுக்கு ஒரு விலை?"
"அறுவடை வரைக்கும் காத்திருக்கணும் ஐயா."
"சரி. அதே கடனில்
குத்தகைக்காரருக்கு மட்டும் ஏன் முந்நூறு அதிகம்?"

யோசித்துப் போட்ட முந்நூறு இல்லை அது.
சொந்த நிலம் இல்லாதவன், எழுந்து போய்விடுவான் என்று
கை தானாக எழுதியது.
ஒன்பது வருடத்தில் ஒருத்தரும் போகவில்லை.
அதைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.
அவர் கேட்கவில்லை, உட்கார்ந்துவிட்டார்.

தீர்ப்பு இன்னும் வரவில்லை.
மேட்டூர் திறந்து பத்து நாளாகியும்
எங்கள் ஆற்றில் மணல்தான்.
நேற்று ஒரு குத்தகைக்காரர் வந்தார்,
மோட்டார் என்ன விலை என்றார்.
முந்நூறைக் கழித்துச் சொன்னேன்.
என் முகத்தைப் பார்த்தார்.
மோட்டாரைக் குனிந்து தட்டிப் பார்த்தார்.
"பழைய சரக்கா?"

மன்னார்குடி பஸ்
அப்போதுதான் வந்து நின்றது.