கட்டைவிரல்

மோண்டெவிதேயோவில் ஜூலை.
ஆற்றிலிருந்து ஏறிவரும் காற்று
நூலகத்தின் மூன்றாம் மாடி ஜன்னலைக்
கடன்காரனைப் போலத் தட்டுகிறது.
மாத்தே குடுவை ஆறிக் கிடக்கிறது.
என் வேலையைக் கேட்பவர்களிடம் இப்படிச் சொல்வேன்:
உலகத்து ஆய்விதழ்களை
ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து
பூட்டில்லாத ஒரு பட்டியலில் சேர்ப்பது.
யாரும் திறக்கலாம், காசில்லை.
என் தங்கை நம்புவதில்லை.
"சும்மா கொடுப்பதற்கா இத்தனை கேள்வி?"

காலையில் ஒன்று வந்தது, பளபளவென்று.
ஆசிரியர் குழுவில் நாற்பது பேர்,
நாற்பது பேருக்கும் டை.
மூன்று நாளில் மதிப்பாய்வு,
நான்காம் நாள் வெளியீடு, உத்தரவாதம்.
பதினேழாம் பெயருக்கு மடல் எழுதினேன்.
மதியத்துக்குள் அவர் மனைவி பதில் போட்டார்:
'அவர் போய் நான்கு வருடம் ஆகிறது.
இன்னுமா வேலை வாங்குகிறார்கள்?'
நிராகரிக்க ஒரு பொத்தான் இருக்கிறது.
அந்த அம்மாவுக்கு எழுத
ஒரு வரி கிடைக்கவில்லை.

பிறகு நரின்.
கிர்கிஸ் மலைகளுக்குள் ஒரு கால்நடைக் கல்லூரி.
வருடத்துக்கு இரண்டு இதழ், பனி அனுமதித்தால்.
கோணல்மாணலாக ஸ்கேன் செய்த பக்கங்கள்.
பதினோராம் பக்கத்தின் ஓரத்தில்
தாளை அழுத்திப் பிடித்த ஒரு கட்டைவிரல்,
நகத்தில் மை.
இருமுறை திருப்பி அனுப்பியிருக்கிறேன்.
மதிப்பாய்வு முறை குறிப்பிடப்படவில்லை.
உரிமம் குறிப்பிடப்படவில்லை.

மூன்றாம் முறை உல்ஜான் மமிரோவா
விளக்கம் எழுதவில்லை,
ஒரு புகைப்படம் அனுப்பினார்.
கட்டுரையின் கைப்படி, ஓரமெல்லாம் பென்சில்.
கீழே அவரே தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் பெயர்த்திருந்தார்:
'மூன்றாம் அட்டவணையில் ஆடுகள் இருநூற்றுப் பதினான்கு.
முடிவுரையில் இருநூற்றுப் பதினொன்று.
மூன்று ஆடு எங்கே?
போய் எண்ணிவிட்டு வா.'

கேட்டது யாரென்று இலியாசுக்குத் தெரியாது.
ஆனாலும் போயிருக்கிறான்,
கணவாய் மூட இரண்டு நாள் இருக்கையில்,
இரவல் குதிரையில்.
மூன்றும் அடுத்த மந்தையில் மேய்ந்துகொண்டிருந்தன.
நோயும் அவற்றோடு போயிருந்தது.
கட்டுரையின் முடிவே மாறிவிட்டது.
சொற்குற்றம் பொறுப்பார்கள் போலும் அங்கே,
ஆட்டுக்குற்றம் பொறுக்கமாட்டார்கள்.

என் படிவத்தில் இதற்கு ஒரு கட்டம்.
சக அறிஞர் மதிப்பாய்வு உண்டா?
'ஆம்' என்று இட்டேன்.
இரண்டெழுத்து.
குதிரையும் கணவாயும் அதற்குள்தான் ஒடுங்க வேண்டும்.

அடுத்த கட்டம், மொழி.
பட்டியலை இழுத்து இழுத்துப் பார்த்தேன்.
கிர்கிஸ் இல்லை. 'மற்றவை' இருந்தது.
கீழ்த்தளத்தில் வாஷிங்டனைக் கூப்பிட்டேன்
(எங்கள் ஊரில் அது ஆள் பெயர்).
"ஒரு மொழியைச் சேர்க்க எவ்வளவு நேரம்?"
"ஒரு நிமிடம். ஆனால் இன்று வெள்ளிக்கிழமை."
"காத்திருக்கிறேன்."
ஒரு கை மட்டும் கோட்டுக்குள் நுழைந்தபடி
படியேறி வந்தான்,
திட்டிக்கொண்டே சேர்த்தான்.

உரிமம் மட்டும் இன்னும் காலி.
திங்களன்று மறுபடி எழுத வேண்டும்:
யாரும் படிக்கலாம், பகிரலாம் என்று
உங்கள் வாயால் ஒரு வரி தாருங்கள், உல்ஜான்.

விளக்கை அணைக்குமுன்
பதினோராம் பக்கத்தை இன்னொரு தரம் திறந்தேன்.
அந்த விரல் தாளை விடவில்லை.