எழுதிய வரிசையிலேயே

ஐந்து ரோட்டில், பேட்டரிக் கடைக்கு மேல்மாடி.
ஏற்காட்டு காபி எஸ்டேட் ஒன்றுக்கு
ஆள்வருகை ஆப் எழுதிக்கொண்டிருந்தேன்.
எனம் ஒன்று, அதற்குள் நாலு கேஸ்.
கேஸ் என்றால் அப்பாவுக்குக் கோர்ட்தான்.
"நாலு கேஸா? யார் மேலடா?"

வரவில்லை.
வந்தார்.
அரைநாள்.
விடுப்பு.
மதியச் சாப்பாட்டின் கிறக்கத்தில்
விரல் போன போக்கில் தட்டிய வரிசை.
எனத்தின் பெயருக்குப் பக்கத்தில்
ஒரே ஒரு சொல் சேர்த்தேன்.
இனி எத்தனை இருக்கிறதென்று
நான் எண்ண வேண்டாம்,
மொழியே எண்ணிக் கையில் கொடுத்துவிடும்.
ஒன்றுக்குப் பதில் எழுதாமல் விட்டால்
கம்பைலர் விடாது.
பந்தியில் சோறு விழாத இலையை
தூரத்திலிருந்தே கண்டுபிடித்துக்
கூச்சல் போடும் சித்தப்பா அது.

டிசம்பர். பழம் சிவந்த வாரம்.
அல்போன்ஸ் மேஸ்திரி கூப்பிட்டார்,
சிக்னலுக்காகப் பாறைமேல் ஏறி நின்று.
"தம்பி, நம்ம சடையம்மா மூணு நாளா
வரலைன்னு காட்டுது.
நாப்பது கிலோ பறிச்ச பொம்பள
என் எதிர்லயே நிக்குது."

நிரலைத் திறந்தேன். பிழை இல்லை.
மறுபடி பார்த்தேன். இல்லை.
பிறகுதான் அந்தக் கட்டைவிரல் தெரிந்தது:
விடிகாலைப் பனியில் விறைத்தது,
கண்ணாடியை எட்டூரில் மறந்துவந்த ஒருவருடையது,
பட்டியலைத் திறந்து
முதல் வரியில் விழுகிறது.
முதல் வரியில் நான் வைத்திருந்தது "வரவில்லை."
எண்ணித் தருகிற மொழி
எழுதிய வரிசையிலேயே எண்ணித் தருகிறது.

வெட்டி ஒட்டி "வந்தார்" மேலே ஏறியது.
இரண்டு வினாடி.
சடையம்மாவின் மூன்று நாள் கூலி இறங்கிவர
ஒன்பது நாள்.

அதற்குள் இன்னும் போன்கள்.
"வளைவுல காட்டெருமை நின்னுடுச்சு,
பஸ்ஸு ஒரு மணி நேரம் நகரல.
அதுக்கு எதைத் தொடணும்?"
"வந்தாங்க, மழை, திருப்பி அனுப்பிட்டோம்.
அது வந்ததா, வராததா?"
"பொன்னன் மச்சானுக்குச் சாவு.
போனவன் எப்ப வருவானோ."

"மற்றவைன்னு ஒண்ணு போட்டு மூடுங்களேன்"
அடுத்த நாற்காலியிலிருந்து நஸ்ரீன்.
போட்டேன்.
பத்து நாளில் தொண்ணூற்றொன்று மற்றவை.
எருமை, மழை, சாவு, யாரோ ஒருத்தியின் பேறுகாலம்,
எல்லாம் ஒரே சாக்கில்,
வாய் கட்டி.

சாக்கைத் தூக்கிப் போட்டேன்.
விடுப்பு என்ற சொல்லுக்கு உள்ளே
"காரணம்" என்று ஒரு பை தைத்தேன்.
சேமித்த நொடியில் சிவப்புக் கோடு.

உள்ளே எதையாவது சுமக்கிற கேஸ்
ஒன்றே ஒன்று இருந்தாலும்
தானாக எண்ண மாட்டேன் என்கிறது மொழி.
வெறும் பெயர்களை வரிசைப்படுத்தும்,
சுமப்பதைத் தொடாது.
பட்டியல் வேண்டுமா, நீயே எழுது.

திட்ட வாயெடுத்தேன்.
நஸ்ரீன் டீ வாங்கப் போயிருந்தாள்,
கேட்க ஆளில்லை.
எழுதினேன், கையாலேயே, ஒவ்வொன்றாக,
இந்த முறை விழிப்போடு:
வந்தார், அரைநாள், வந்தும் வேலையில்லை,
வழியில் தடை, விடுப்பு,
கடைசியாக, எல்லாவற்றுக்கும் கீழே, வரவில்லை.
கீழே பேட்டரிக் கடை ஷட்டர் இறங்கியது.
இதில் ஒன்று விட்டுப்போனால்
சித்தப்பா கத்தப்போவதில்லை.
பட்டியலைக் கையால் எழுதியவன்
பட்டியலுக்கு ஜவாப்தாரி.

பொங்கல் கழிந்த திங்கட்கிழமை
மலையிலிருந்து இறங்கிய முதல் பதிவு:
சடையம்மா. விடுப்பு.
காரணம் என்ற கட்டத்துக்குள்
அல்போன்ஸ் ஒற்றை விரலால் தட்டியிருந்தார்,
"சும்மா."

அப்படி ஒன்றுக்கு
நான் எந்தப் பதிலும் எழுதியிருக்கவில்லை.
கம்பைலரும் கேட்கவில்லை.