கதிரைக்கு இரண்டு ரூபா

நீலப்பூனை என்று பெயர் வைத்திருந்த ஒருவர்
இரவு பதினொன்றரைக்கு ஓர் ஓவியம் அனுப்பினார்.
மஞ்சள் சுவர். பாதி திறந்த கதவு.
நடுவில் ஆளில்லாத கதிரை.
இது இழப்பு என்றார்.
முகம் இருக்கவேண்டிய இடத்தில் மலையொன்றை வைத்திருந்த வேறொருவர்
இழப்புமில்லை கிழப்புமில்லை, வெறும் மஞ்சள் என்றார்.
இரண்டு பேரும் ஒன்றரை மணித்தியாலம் பிடுங்குப்பட்டார்கள்.

என்னிடம் முந்நூற்றிருபது கதிரைகள் இருக்கின்றன,
ஒட்டுசுட்டான் சந்தியிலிருந்து உள்ளே,
தகரக் கொட்டிலில், இருபது இருபதாக அடுக்கி.
எனக்கும் கதைக்க உரிமை உண்டென்று நினைத்தேன்.

எழுதினேன்:
ஆளில்லாக் கதிரை இரண்டு வகை.
ஆள் வரமுன் ஒன்று, ஆள் போனபின் ஒன்று.
வரமுன் நேராகப் பார்த்துக்கொண்டு நிற்கும்.
போனபின் கொஞ்சம் திரும்பியிருக்கும்,
எழும்பினவன் தள்ளிவிட்ட பக்கம்.
உங்கள் படத்தில் கதிரை நேர்.
அங்கே ஒருத்தரும் சாகவில்லை, யாரோ வரப்போகிறார்கள்.

உங்கள் வாழ்க்கையை ஓவியத்துக்குள் கொண்டுபோகிறீர்கள்
என்று நீலப்பூனை மறித்தார்.
வேறு யாருடையதைக் கொண்டுபோக, என்றேன்.
மலைமுகம் சிரித்தது. பிறகு,
கதிரை தமிழில்லை, நாற்காலி என்று எழுதுங்கள் என்றது.

நாற்காலி என்றால்
நாலு காலுக்கும் நான் உத்தரவாதம் தரவேண்டும்.
வெயிலில் பிளாஸ்டிக் வெடித்து
மூன்று காலில் நிற்கிறது என்னிடம் பதினேழு.
கதிரை என்ற சொல் கால்களை எண்ணாது.

அடுத்த கிழமை நீலப்பூனை திரும்ப வந்தார்.
அதை வரைந்தவன் பெண்சாதியை
ஒன்பது வருசம் அறையொன்றில் பூட்டி வைத்திருந்தானாம்.
இனி அந்த மஞ்சளைப் பார்க்கலாமா?

படத்தைத் திறந்து கதவைப் பார்த்தேன்.
பாதி திறந்ததா, பாதி மூடியதா.

படம் வேறு ஆள் வேறு, என்றது மலைமுகம்.
கை ஒன்றுதானே, என்றார் நீலப்பூனை.
செத்தவீட்டுக்குப் போன கதிரையைக் கழுவித்தான்
கலியாணவீட்டுக்கு ஏற்றுகிறேன், என்றேன் நான்,
எவன் இருந்தான் என்று அது கேட்பதில்லை.

கதிரை கேட்காது, என்றார். நீங்கள்?
ஓர் உதாரணம் தாருங்கள்.

தட்டத் தொடங்கினேன்.
முகாமில் தண்ணீர் வரிசையில்
காசுக்கு இடம் விற்ற திசைவீரசிங்கம்,
நாலு வருசம் கழித்து ஓர் ஆவணியில்
மகளின் சாமத்தியவீட்டுக்கு எண்பது கதிரை கேட்டு
என் படலையில் வந்து நின்றான்.
வெறும் வாளியோடு நான் திரும்பின நாள்
அவனுக்கு ஞாபகமில்லை.
கொடுத்தேன்.
கதிரைக்கு இரண்டு ரூபா கூடச் சொன்னேன்.
மறுபேச்சில்லாமல் எண்ணி வைத்தான்.
திரும்பி வந்தபோது இரண்டுதரம் எண்ணினேன். எண்பதும் இருந்தது.
ஒன்றின் முதுகில் சின்னக் கைவிரல்களாய்க் குங்குமம்.

அந்த நூற்றறுபது ரூபாவுக்கு என்ன பெயர்?
லாண்ட்மாஸ்டருக்கு டீசல் அடித்தேன்,
ஒரு லீற்றருக்குக் கொஞ்சம் கூட வந்தது.

எல்லாவற்றையும் அழித்தேன்.
'பொதுவாகச் சொன்னால்' என்று தொடங்கி
'யோசிக்கவேண்டிய விசயம்' என்று முடித்து அனுப்பினேன்.
நீலப்பூனையிடமிருந்து ஒரு பெருவிரல் வந்தது.

விடிய முத்தையன்கட்டிலிருந்து ஆள்.
செத்தவீடு, நிறையச் சனம், இருக்கிறதெல்லாம் வேணும் என்றான்.
மூன்று கால் பதினேழையும் விட்டு
மற்றதெல்லாம் ஏற்றினேன். விலை வழக்கமான விலை.

மத்தியானம் மலைமுகம் கேட்டது:
கடைசியில் நீங்கள் எந்தப் பக்கம் இருக்கிறீர்கள்?

இருக்கிறதா.
கொட்டிலில் தூசி அடங்கிக்கொண்டிருந்தது.
சுவரில் சாய்த்த பதினேழில் ஒன்றை இழுத்து
நாலாவது காலுக்கு என் காலை முட்டுக்கொடுத்தபடி
ஃபோனைப் பிடித்துக்கொண்டிருந்தேன்,
பாரத்தை முழுதாக விடாமல்.