எட்டாவது ஆள்

எங்கள் ஊர் பெயரில் ஒரு நடனம் இருக்கிறதாம்.
லைப்சிக்கிலிருந்து பேருந்தில் வந்தவர்கள் சொன்னார்கள்.
ஸ்கெர்ரிமோர் ரீல்.
நான்கு ஜோடி, எட்டுச் சுற்று,
எண்ணெயில் போட்ட ஹேடாக் பொன்னிறமாகும் முன்னே
முடிந்துவிடும் என்றார்கள்.

கட்டியவர் யாரோ ஒரு பள்ளி ஆய்வாளர்.
அறுபத்து மூன்றில் கடைசிப் பேருந்தைத் தவறவிட்டு
இங்கே ஒரே ஓர் இரவு தங்கியவர்.
அவர் பார்த்த துறையில் நாற்பது படகுகள்.
இப்போது இரண்டு.
ஒன்றில் விற்பனைக்கு என்று எழுதித் தொங்குகிறது.

கார் கூரையில் பெட்டியை வைத்து
அக்கார்டியனை ஓடவிட்டார்கள்.
ஏழு பேர்தான் நின்றார்கள்.
எட்டாமவர் படித்துறைப் பாசியில் வழுக்கி
கணுக்கால் புடைத்து
என் கடை ஐஸ் மூட்டையோடு உட்கார்ந்திருந்தார்.

"ஊர்க்காரி, உங்களுக்கா தெரியாது?"
உத்தே என்ற பல் டாக்டர் கையைப் பிடித்து இழுத்தாள்.
ஏப்ரனைக் கழற்றக்கூட விடவில்லை.

நாற்பத்து மூன்று வருடம்.
கண்ணைக் கட்டிவிட்டாலும் நடப்பேன் இந்தத் தெருக்களில்.
ஆனால் இவர்கள் ஸ்கெர்ரிமோர் வேறு.
வரிசைக்கு வெளியே பிரிந்து பின்னால் இறங்கினால்
அலைத்தடுப்பைச் சுற்றிப் படகு கடலேறுகிறது.
கைகோர்த்து நடுவில் இறங்கி ஏறினால் கடைத்தெரு
(என் கடையும் மருந்துக்கடையும் தவிர
எல்லாம் பூட்டிக் கிடப்பது
நடனத்துக்குத் தெரியாது).

இடப்பக்கம் திரும்ப வேண்டியவள் வலப்பக்கம் திரும்பினேன்.
கடைத்தெருவுக்குப் போக வேண்டியவள்
கடலுக்குள் போனேன்.
"லிங்க்ஸ்! லிங்க்ஸ்!"
இடது, இடது என்று அவர்கள் பாஷையில் கூச்சல்.
என் ஊரில் எனக்கு வழி சொல்ல
இத்தனை தூரம் வந்திருக்கிறார்கள்.

நண்டுக்கூண்டுக் குவியல் மேல் உட்கார்ந்து
மங்கோ கெட்டிஸ் பார்த்துக்கொண்டிருந்தான்.
விற்பனைக்கு இருக்கும் படகு அவனுடையது.
கை தட்டவில்லை.
"எஃபி, சிப்ஸ் தீய்கிறது" என்றான்.

தீயட்டும்.
ஐந்தாம் சுற்றில் ஏதோ பிடிபட்டது.
எல்லார் முதுகுக்கும் பின்னால் தனியாக இறங்குகிறேன்,
ஒருவரும் பார்ப்பதில்லை, அவரவர் கால் அவரவருக்கு.
திரும்பி மேலேறும்போது
சொல்லிவைத்தாற்போல் ஒரு கை நீண்டிருக்கிறது.
யாருடையதென்று பார்க்க நேரமில்லை.
பிடித்தேன், போனேன்.

ஆறு மணிக்குப் பேருந்து கிளம்பியது.
அவர்களின் கறுப்புச் சட்டைக் கைகளில்
என் மாவு விரல்கள்.

செவ்வாய்க்கிழமை
குப்பைத் தொட்டியை உருட்டிக்கொண்டு போகையில்
பழைய உப்புக்கிடங்கு மூலையில்
கால் தானாக இடப்பக்கம் திரும்பிற்று.
அங்கே வழி இல்லை, சுவர்தான்.
தெரியும்.
இருந்தும் இரண்டடி வைத்தேன்.