கால் மணிக்கு ஒரு பக்கம்

முதல் முறை
பீட்ரூட் என்று நினைத்தேன்.
பி.ஜி. மெஸ்ஸில் அன்று பீட்ரூட் பொரியல்தான்.

இரண்டாம் முறை பீட்ரூட் இல்லை.
மடிவாளாவில் ஒரு கிளினிக், ஐந்து நாள் மாத்திரை.
மூன்றாம் முறையும் அதே கிளினிக்,
ஏழு நாள் மாத்திரை,
"ஐ.டி. பொண்ணுங்க யாருமே தண்ணி குடிக்கறதில்ல."
குடித்தேன்.
லாரி வராத பெங்களூரு மார்ச்சில்
இருபது லிட்டர் கேனை நானே தூக்கி வைத்துக் குடித்தேன்.
வலியே இல்லை.
வலித்திருந்தால் முன்பே நம்பியிருப்பேன்.

ஸ்கேன் எடுத்தவர்
திரையைப் பார்த்தார், சீட்டில் என் வயதைப் பார்த்தார்,
மறுபடி திரையை.
இருபத்தொன்பது.
தட்டச்சுப் பிழை இல்லை சார்.

சிகரெட்? இல்லை.
சாயப்பட்டறை வேலை? இல்லை.
வீட்டில் யாருக்காவது? இல்லை.
டாக்டர் பேனாவை மூடினார்.
நான் காரணத்துக்காக உட்கார்ந்திருந்தேன்.
அது இன்னும் டோக்கனே எடுக்கவில்லை.

வெளியே பெஞ்சில் எல்லோருக்கும் அறுபதுக்கு மேல்.
"மதிவதனி" என்று நர்ஸ் கூப்பிட்டபோது
பக்கத்துப் பெரியவரின் மகன் காலை மடக்கி வழிவிட்டு
அப்பாவுக்கா, என்று கன்னடத்தில் கேட்டான்.
நானே, என்றேன்.
இரண்டு மொழியிலும் அதே சொல்.
இரண்டிலும் அவனுக்குப் புரியவில்லை.

சுரண்டி எடுத்தபின் மருந்து: பி.சி.ஜி.
பிறந்த மறுநாள் இடது தோளில் குத்திய அதே பி.சி.ஜி.
ஸ்லீவ்லெஸ் போடவிடாமல் இத்தனை வருஷம் படுத்திய
அந்த வட்டத் தழும்பின் உறவுக்காரர்கள்
இப்போது குழாய் வழியே மூத்திரப்பைக்குள் இறங்குகிறார்கள்.
இரண்டு மணி நேரம் அடக்க வேண்டும்.
கால் மணிக்கு ஒரு பக்கம் புரள வேண்டும்,
மல்லாந்து, இடப்பக்கம், குப்புற, வலப்பக்கம்,
குழியில் பணியாரத்தைத் திருப்புகிற மாதிரி.

சரி, புரளலாம்.
அதற்குப் பிறகு ஆறு மணி நேரம்
ஒவ்வொரு முறை போனதும்
பிளீச்சிங் ஊற்றிக் கால் மணி மூடி வைக்க வேண்டும்.
பெல்லந்தூரில் எங்களுடையது மூவர் அறை.
கழிப்பறை ஒன்று.

யாரிடமும் சொல்வதாக இல்லை.
அம்மாவிடம்கூட இன்ஃபெக்‌ஷன் என்றுதான்.
ஆனால் மூடிய கதவுக்கு வெளியே
நெளிந்துகொண்டு நிற்கிறவளிடம்
எத்தனை செவ்வாய் பொய் சொல்வது?

சொன்னேன்.
பவ்யஸ்ரீ அழுதாள்.
லிங்னெய் அழவில்லை,
"மொத்தம் எத்தனை செவ்வாய்?" என்றாள்.
ஆறு.
கீழே போனாள், ஓனரிடம் என்ன கதை விட்டாளோ,
மொட்டைமாடிக் கழிப்பறைச் சாவியோடு வந்தாள்.
மணிப்பூரிலிருந்து வந்த புதிதில்
அறை கேட்டு அலைந்த அலைச்சலில் கற்ற வித்தையாம்.
நைட் ஷிஃப்டையும் மாற்றிக் கேட்டாள். கிடைக்கவில்லை.

நேற்று நான்காம் செவ்வாய்.
அலாரத்தைத் தன் போனில் வைத்துக்கொண்டு
எதிர்க்கட்டிலில் உட்கார்ந்தாள்.
முதல் மணிக்கு என் தோளைத் தட்டினாள், அந்தத் தழும்பின் மேலேயே.
இரண்டாம் மணிக்குத் தட்டவில்லை.
விடிய விடிய யாருடைய கிரெடிட் கார்டுக்கோ பதில் சொன்னவள்,
வாய் திறந்தபடி தூங்கிவிட்டாள்.

அலாரம் அதுவாகவே அடித்து ஓய்ந்தது.
நான் இடப்பக்கம் புரண்டேன்.
கண் திறக்காமல்
அவளும் புரண்டாள்.