முத்திரையில் இருந்த ஆண்டு

தேதியைத் தினமும் மாற்றுவேன்,
மாதத்தைப் பன்னிரண்டு தடவை.
ஆண்டை ஒரே ஒரு முறைதான்.
இடுக்கியால் பிடித்து முத்திரையின் வயிற்றில் சொருகிவிட்டால்
அடுத்த ஜனவரி வரை அதைத் தொட வேண்டியதில்லை.
மிளகளவு உலோகம், இரண்டே எண்: 65.

தை பிறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை.
காலையில் வந்து பார்த்தால்
கிருஷ்ணகிரி தபாலாபீஸ் பலகையில் இந்தி வரி இல்லை.
அந்த இடத்தில் தார் வழிந்துகொண்டிருந்தது,
கீழே இருந்த தமிழின் தலையிலும் இரண்டு சொட்டு.
போஸ்ட்மாஸ்டர் மண்ணெண்ணெயும் கோணித்துணியும் கொடுத்தார்.
ஏணியில் ஏறித் தேய்த்தேன்.
மறுநாள் மறுபடி தார்.
மூன்றாம் நாள் போலீஸ் வந்து
பழையபேட்டை திம்மராயனைப் பிடித்துப் போனது,
பி.யூ.சி. தேறாதவன், விரலில் கருப்பு போகாதவன்.
என் விரலிலும் கருப்பு இருந்தது.
என்னை யாரும் கேட்கவில்லை.

பங்குனியில் சேலம் ஜெயிலிலிருந்து ஒரு கார்டு.
அவன் அம்மா முனிலட்சுமம்மா
ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றாள்.
வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம்,
எழுத்து எதிலும் கிடையாது.
'தமிழ் வாழ்க' என்று தொடங்கியிருந்தான் மகன்.
அதைத் தெலுங்கில் சொன்னேன்.
"அது இருக்கட்டும், அன்னம் தின்னுறானாமா?"
பாதித் தமிழில் கேட்டாள்.
கார்டைத் திருப்பிப் பார்த்தேன்.
சோற்றைப் பற்றி ஒரு வரியும் இல்லை.
இருப்பதாகப் படித்தேன்.

ஆடியில் காற்று வந்தது, மழை வரவில்லை.
அணைக்குள் ஆடு மேய்ந்தது.
ரேஷனில் அமெரிக்கக் கோதுமை போட்டார்கள்.
கேழ்வரகு தெரிந்த கை அதைக் களி கிண்டிப் பார்த்து
பசையாக்கியது.
ஒரு கிண்ணம் எனக்கும் வந்தது, ஸ்டாம்பு ஒட்ட.

பிறகு எல்லையில் சண்டை.
திங்கட்கிழமை ராத்திரி சாப்பாட்டை விடச் சொன்னார் பிரதமர்.
மணியார்டர் வரிசையில் ஒருத்தி சிரித்தாள்:
"செவ்வாயையும் சேத்துச் சொல்லியிருந்தா
எங்க வூட்டுக் கணக்கு சரியா இருந்திருக்கும்."

மாங்காய் மண்டி கஃபார் சாயபுவின் மகன் பட்டாளத்தில்.
அவன் கடிதத்தில் ஊர் இருக்காது, ஓர் எண் மட்டும் இருக்கும்.
டீக்கடையில் எவனோ கேட்டான்,
"பாய், நீங்க எந்தப் பக்கம்?"
சாயபு டம்ளரை வைத்துவிட்டுப் போனார்.
அன்றிலிருந்து அவர் வீட்டு ரேடியோ
தெருவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது.
செய்தி நேரத்தில் மண்டி முழுக்கக் கேட்கும்.
எல்லோரும் "ஏதாச்சும் வந்துதா?" என்று கேட்கும் ஜன்னலில்
அவர் மட்டும் "ஒண்ணும் வரலையே?" என்பார்.
வரவில்லை என்றால்
முகம் தெளிந்து போவார்.

காந்தி ஜெயந்தியன்று
சேலம் ஜில்லாவில் படுத்திருந்தவர்கள்
தருமபுரி ஜில்லாவில் எழுந்தோம். பாய் அதேதான்.
புது ரப்பர் ஸ்டாம்பு வரவில்லை.
பழையதில் சேலத்தைப் பிளேடால் சீவினார் பெரிய குமாஸ்தா.
சில நாள் ஜில்லா மட்டும் விழுந்தது,
பெயர் இல்லாமல்.

கார்த்திகையில் முனிலட்சுமம்மா மறுபடி வந்தாள்.
மகன் திரும்பி மூன்று மாதமாகிறது.
மடியிலிருந்து அதே கார்டை எடுத்தாள், மடிப்பில் கிழிந்திருந்தது.
"இவன் படிச்சா அந்த வரி வர மாட்டேங்குது" என்றாள்.
"நீ படி."
பின்னால் சைக்கிளைப் பிடித்தபடி திம்மராயன்,
என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.
படித்தேன்.
தமிழ் வாழ்க.
நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், அம்மா.
அவன் பலகையை நிமிர்ந்து பார்த்தான்.
தமிழின் தலையில் அந்த இரண்டு சொட்டு
இன்னும் இருந்தது.

ஜனவரி ஒன்று.
65ஐ இடுக்கியால் கழற்றித் துடைத்தேன்.
மை முழுக்கப் போகவில்லை.
64க்குப் பக்கத்தில் போட்டுப் பெட்டியை மூடும்போது
ஜன்னலில் நிழல் விழுந்தது.
"ஒண்ணும் வரலையே?"