இடது முன்சக்கரம்

போனில் பசவராஜ் சொன்னது மூன்றே சொல்:
புகை. இடது. முன்னாடி.
அஞ்செட்டி மலைப்பாதையில், கீழிருந்து நாலாவது வளைவில்
எக்செல்லை நிறுத்தியதும் மிச்சத்தை மூக்கு கேட்டுக்கொண்டது.
வெந்த கிரீஸின் வாசனை
முடி பொசுங்குவதற்கும் வெல்லப்பாகு அடிப்பிடிப்பதற்கும்
நடுவில் எங்கோ இருக்கிறது.

ராணுவ ஏலத்தில் எடுத்த ஒரு டன் நிசான்.
பச்சைக்கு மேல் மஞ்சள், மஞ்சளுக்கு மேல் மஞ்சுநாதா துணை.
நாலு சக்கரமும் இழுக்குமென்றுதான் வாங்கினார்கள்.
மூன்று இழுக்க, ஒன்று
சந்தைக்கு வரமாட்டேன் என்ற கடாவாகக்
காலூன்றி நின்றது.
பின்னால் எழுபது பெட்டி தக்காளி.

அச்சுக்கடியில் ஜாக்கி, ஜாக்கிக்கடியில் புளியங்கட்டை.
டிரம்மில் எச்சில் துப்பினேன், சுர்ரென்றது.
பசவராஜ் பின்டயருக்குக் கல் தேடப் போனார்.
டார்ச்சைப் பிடித்தது நஞ்சம்மா.
என் கை போகுமிடத்துக்கு
ஒரு விரற்கடை முன்னாலேயே வெளிச்சம் போய் நின்றது.

லாக் வாஷரின் காதை நிமிர்த்தி, நட்டைக் கழற்றி,
ஹப்பை அசைத்து அசைத்து இழுத்தேன்.
உள்ளே கிரீஸ் இல்லை, புளித்த மோர்.
"எந்த ஆத்துல இறக்குனீங்க?"
பசவராஜ் கல்லைப் பார்த்தார்.
"தொட்டல்லா. ரெண்டு தரம்," என்றாள் நஞ்சம்மா.

ரோலர்கள் மயில்கழுத்து நீலம்.
கோன் ஸ்பிண்டிலோடு ஒட்டி ஒரே இரும்பாகிவிட்டது.
உளி வைத்தேன்.
இரும்பை உடைக்க வேண்டும்,
அதற்கடியில் இருக்கும் இரும்பில் கீறல் விழக் கூடாது.
பைக்கில் வந்த காட்டிலாகா வாட்சர் இறங்கவில்லை:
"ராகிக் காட்டோரம் மூணு நிக்குது.
சத்தத்தை மட்டும் நிறுத்தாதீங்க."

நிறுத்தவில்லை.
எத்தனையாவது அடியிலோ கோன் விட்டது,
வெற்றிலைக் காம்பு கிள்ளுகிற அளவுக்குத்தான் சத்தம்.
அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம்
வெறும் இரும்பை அடித்துக்கொண்டிருந்தேன்,
அந்த மூன்றுக்காக.

இரண்டேகால் மணிக்கு ராயக்கோட்டை மண்டியிலிருந்து போன்.
பெட்டி அறுபது.
நஞ்சம்மா டார்ச்சைக் கக்கத்தில் இடுக்கி
விரல்விட்டு எண்ணினாள்.
"உன் பேரிங் எங்க லோடை விட ஜாஸ்தி."
யாரும் சிரிக்கவில்லை.

அப்புறம் அவசரம் என்று ஒன்று அங்கே இல்லை.
எமரித் துணியால் ஸ்பிண்டிலைத் தேய்த்தேன்,
நகத்தால் தடவி மறுபடி தேய்த்தேன்.
பழைய கப்பையே தட்டுக்கட்டையாக வைத்துப்
புதுக் கப்பை ஹப்பில் இறக்கினேன்.
உள்ளங்கையில் கிரீஸ் வைத்து
ரோலர் ரோலராக ஊட்டினேன்.
சீல் மட்டும் பழசு. கடையில் ஸ்டாக் இல்லை.
மழைக்கு முன்னால் மாற்றணும் என்று ரெண்டு பேரிடமும் சொன்னேன்,
ஒருவராவது ஞாபகம் வைப்பார் என்று.

நட்டை இறுக்கி ஹப்பைச் சுற்று,
இறுக்கிச் சுற்று,
பிறகு விட்டுக்கொடு.
எவ்வளவு என்றால் கைக்குத் தெரியும் என்பார்கள்.
என் கைக்கு அப்படியெதுவும் தெரியாது.
ஆறில் ஒரு சுற்று.

டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன், ஆட்டமில்லை.
ஒரு தட்டு தட்டினேன்.
சுற்றிக்கொண்டே இருந்தது.
"ஆயித்தா?"
"ஆச்சு."

மேல் பெட்டியிலிருந்து நாலு பழம் எடுத்து
என் கைமேல் பிழிந்தாள்,
ரோட்டோர மண்ணையும் தூவித் தேய்க்கச் சொன்னாள்.
கிரீஸ் சிவப்பாகக் கரைந்து இறங்கியது.

கூலியில் பாதி பணம், பாதி இரண்டு பெட்டி.
எக்செல்லில் ஒன்றுதான் ஏறியது.
இன்னொன்றை ராகிக் காட்டுப் பக்கம் கவிழ்த்துவிட்டு வந்தேன்.
வாட்சர் பார்த்திருந்தால் திட்டியிருப்பார்.
ராத்திரி முழுக்க இரும்புச் சத்தம் கேட்டவர்களுக்கு
ஏதாவது தரவேண்டும் இல்லையா.